களத்தில் எடுத்த படம்

தை மாதம், திங்கட்கிழமை இரவு.

என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

திண்டிவனத்துக்கு ஒரு பொது டென்னிஸ் மைதானம் வேண்டும் என்று இன்று விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மூன்றாவது முறையாக மனு கொடுத்தேன். வெறும் மனுவை யார் மதிக்கிறார்கள் என்று, கூடவே ஒரு படத்தையும் வைத்தேன். அரசு மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கும் சிமெண்ட் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மீன்வலையை நெட்டாகக் கட்டி நாங்கள் நடத்திய போட்டியின் படம். மண்டியில் மூட்டை தைக்கும் மேரி அக்கா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தை அடிக்கிறாள்.

மனு வாங்கியவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அதான் ஆடிக்கினு இருக்கீங்களேங்க, அப்புறம் இன்னாத்துக்கு மனு?" என்றார். பிறகு, "இந்தக் களத்துல ஆட யாரு பர்மிஷன் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

யாரும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் களத்து கேட்டில் புதுப் பூட்டு. வாட்ச்மேன் வலையைச் சுருட்டி வெளியே வைத்திருந்தார். "மேலேர்ந்து போன் வந்துச்சு மேடம். எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். வலை இப்போது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

இப்போதுதான் மேரி அக்கா போன் பண்ணினாள். "என் போட்டோவைப் பார்த்தாங்களா?"

"ரொம்ப நேரம் பார்த்தாங்கக்கா."

"அப்போ இந்த வாட்டி குடுத்துடுவாங்க, பாரேன்."

பூட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. நாளைக் காலை ஐந்தரைக்கு மட்டையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக அவள்தான் போய் நிற்பாள்.