சமையலறை ஜன்னலின் உயரம்

அம்மாவுக்கு மியோரியின் வணக்கம். நம் ஊர் அவோமோரியில் கடும் பனியாமே, முழங்கால் வலியோடு நீங்களே வாசல் பனியைத் தள்ளாதீர்கள். நான் நலம்.

எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில், ஒரு வீட்டுப் படத்தை யார் வரைந்தது என்று சொல்லக்கூடாது; ஒருவர் வரைந்ததற்காக இன்னொருவர்தான் கூட்டத்தில் வாதாட வேண்டும். நேற்று நான் வரைந்த வீடு உடன் வேலை செய்யும் ஹிராயாமாவிடம் போனது.

"சமையலறை ஜன்னல் எதுக்குத் தெருவப் பாத்து? குழம்பு விக்கவா?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஹிராயாமா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லப்பா, இத வரைஞ்சவங்களுக்கு வீடு திரும்பும்போது அங்க ஒரு முகம் தெரியணும்" என்றார்.

ஜன்னல் தப்பித்தது. நான் தேநீர் போட எழுந்து போய்விட்டேன்.

நம் சமையலறை ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். வேலைக்குத்தான்.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அளக்கும்போது பக்கத்தில் நின்று, உங்கள் தோள் ஜன்னலில் எதுவரை வருகிறது என்றும் பாருங்கள். முன்பைவிடக் கீழே வந்தாலும் மறைக்காதீர்கள்.

மியோரி