எனக்கு அப்பா வேஷம்

இந்தத் தாள்கள் யார் கையிலாவது கிடைத்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்களைப் பெற்ற நைனாவிடம் காட்டாதீர்கள். இது செத்துப்போன என் அக்காவுக்கு நான் எழுதுவது.

என் தங்கமான தனம் அக்கா,

சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, வசனம் மனப்பாடம் செய்யவேண்டும் என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் வசனம் எனக்கு எப்போதோ மனப்பாடம்.

ஆறாம் பாரத்துக்கு ஒரு சோக நாடகம் பாடமாக வந்திருக்கிறது. ராஜாவும் ராணியும் இல்லை, நம்மைப் போல ஒரு வீடு. கட்டிக்கொடுத்த பெண் கொடுமை தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அப்பா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறார். அடுத்த காட்சியில் அவளைப் பிணமாகக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். தமிழ் டீச்சர் அதை முதல் தடவை வாசித்தபோது, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நீ கிணற்றில் கால் வழுக்கி விழுந்தாய் என்றுதானே ஊரெல்லாம் நம்புகிறது.

பாடம் முடிந்ததும் டீச்சர் கேட்டார்: "இதில் குற்றவாளி யார்?"

வசந்தா முதல் ஆளாக எழுந்தாள். "மாமியார்காரிதான் டீச்சர். அவளத் தூக்குல போடணும்."

"புருஷன் மட்டும் இன்னா ஒழுங்கா? வாயில கொழுக்கட்ட வெச்சிகினு நின்னானே" என்றாள் பின்பெஞ்சுக்காரி ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

"அப்பா?" என்றார் டீச்சர்.

"அவரு பாவம் டீச்சர். அவருக்கு இன்னா தெரியும்?"

எல்லாரும் பாவம் என்றார்கள். நான் மட்டும் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்தான் வகுப்பில் உயரம். அதனால் அப்பா வேஷம் எனக்கு வந்துவிட்டது. மீசை ஒட்டி, துண்டு போட்டுவிட்டார்கள். வசந்தா மகள். ஒத்திகையில் நான் கண்ணை உருட்டிக் கத்தினேன். டீச்சர் நிறுத்திவிட்டார். "வில்லனாக நடிக்காதே. அவனுக்கு மகள் மேல் ஆசை இல்லையென்றால் இது சோக நாடகமே இல்லை, வெறும் போலீஸ் கேஸு" என்றார்.

மறுபடி நடித்தோம். வசந்தா கையில் பையோடு வந்து நின்று "அப்பா" என்றாள். புத்தகத்தில் இந்த இடத்தில் பெரிய வசனம் உண்டு. "மகளே! உன்னை மணையில் அமர்த்திய அன்றே இவ்வில்லத்தின் கதவு உனக்கு அடைபட்டதை அறியாயோ?" என்று தொடங்கும். எனக்கு அது அப்படியே மறந்துபோய்விட்டது. வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

"பைய கீழ வெக்காதம்மா. வெச்சிட்டா தூக்க மனசு வராது."

உனக்கு நினைவிருக்கிறதா, அக்கா? நம் வாசலில் நைனா உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. நீ பையைக் கீழே வைக்கவில்லை. நைனாவே அதை உன் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அம்மா தயிர்சோற்றை இலையில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் கடைசி பஸ்.

வசந்தா வாயைத் திறந்தபடி நின்றாள். டீச்சர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எங்கேயிருந்து வந்தது இது?" என்று கேட்டார்.

"தெரியல டீச்சர்."

"அதையே சொல். புத்தகத்தில் இருப்பதை விட்டுவிடு."

இப்படித்தான் நம் நைனாவின் வார்த்தை நாடகத்துக்குள் போய்விட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அக்கா. அதன் பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் அதைச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் கை வசந்தாவின் பையை நோக்கி நீளுகிறது. கீழே வாங்கி வைக்கத்தான் நீளுகிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நீ பையை வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்திருக்கிறது. இருந்தும் அனுப்பினார். ஆசையில்லாமல் அனுப்புவது பெரிய குற்றமா, ஆசையோடு அனுப்புவதா? டீச்சரிடம் கேட்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்.

இன்னொரு கூத்தையும் கேள். பெரிய டீச்சர் ஒத்திகை பார்க்க வந்தார். "ஆண்டு விழாவில் பிணத்தோடு திரை விழக்கூடாது. மங்களம் பாடித்தான் முடிக்கவேண்டும். செத்தவளும் எழுந்து வந்து பாடட்டும்" என்று சொல்லிவிட்டார். தமிழ் டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. வசந்தா முழங்கையைச் சொறிந்துகொண்டே எழுந்து, "நல்லவேள டீச்சர், செத்தவன்னுகூடப் பாக்காம கொசு பிடுங்கி எடுக்குது" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு வரிசையில் நின்று மங்களம் பாடும்போது அவள் கை என் கைக்குள் இருந்தது, சூடாக. நாடகத்து அப்பாவுக்கு அவ்வளவு கொடுத்துவைத்திருக்கிறது.

உன்னை நாங்கள் கடைசியாகப் பார்க்க வந்தபோது உன் கை எப்படி இருந்தது தெரியுமா? மாமல்லபுரத்துக்குத் தெற்கே உன் புருஷன் வீட்டுச் சவுக்குத்தோப்பில், கிணற்றங்கரை மணலில் கிடத்தியிருந்தார்கள். சவுக்கங்கன்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காய்த்துப்போன உள்ளங்கை. நைனா அதைத் தொடவில்லை. ஓயாமல் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் பயந்துகொண்டிருப்பது. உன் மாமியார் பூவும் பழமுமாக வந்திருந்தாள். உன் இடத்துக்கு என்னைக் கேட்கிறார்கள்.

"பெரியவ போய்ட்டா, அவ தலையெழுத்து. சின்னவளக் குடுத்தா உறவு வுட்டுப் போவாது. எம்புள்ள ஒண்டியா கீறான்" என்றாள்.

அம்மா கொடுத்த காபியில் சர்க்கரையே இல்லை. மறந்தாளா, வேண்டுமென்று செய்தாளா தெரியாது. உன் மாமியார் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள்.

நைனா முடியாது என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம சொல்லி அனுப்புறேன்" என்றார். அவரிடம் போய் எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கும் வரவில்லையே. நாளைக்கு சனிக்கிழமை. நைனா லீவு போட்டுவிட்டு நாடகம் பார்க்க வருகிறார். பெற்றவர்களுக்கு முன்வரிசை.

அவர் சொன்னதை, அவர் மீசை மாதிரியே ஒரு மீசை வைத்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக நான் சொல்லவேண்டும். சொன்னால் எழுந்து போய்விடுவாரோ? சபையில் அவமானப்படுத்திவிட்டேன் என்று அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றிவிடுவாரோ? புத்தக வசனத்தையே ஒப்பித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. டீச்சர் மட்டும் கோபிப்பார். இன்று மாலைவரை அப்படித்தான் செய்துவிடலாம் என்று இருந்தேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரைப் பாவம் என்கிறார்கள், அக்கா. எனக்கும் அவர் பாவமாகத்தான் தெரிகிறார். அதனால்தான் சொல்லவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தூக்குப் போடவோ போலீஸில் பிடித்துக் கொடுக்கவோ நான் கேட்கவில்லை. அன்றைக்கு வாசலில் என்ன நடந்தது என்று அவர் ஒருமுறை எதிரில் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை சரி என்றே சொல்லி அனுப்பினால், அது தெரிந்தே சொன்னதாக இருக்கும்.

உன்மேல் ஆணை. நாளைக்கு, நைனா உன்னிடம் வாசலில் சொன்னதைத்தான் சொல்வேன். குரல் நடுங்கினாலும் ஒரு வார்த்தை மாற்றமாட்டேன்.

என்றைக்கும் உன் தங்கையாக மட்டும் இருக்க விரும்பும்,
ருக்கு.

அக்கா, கதவு தட்டுகிறார்கள். நைனா. "இன்னா ருக்கு, இன்னும் தூங்கலியா? அப்பா வேஷமாமே உனுக்கு. அம்மா சொல்லிச்சி. கதவத் தொற, எனுக்கு ஒருவாட்டி சொல்லிக் காட்டு" என்கிறார். சிரிக்கிற குரல். நீ போன பிறகு நான் கேட்காத குரல். தாழ்ப்பாளை எடுக்கிறேன், அக்கா.