குடைக்கார மில்லியின் பாட்டுத்தாள்

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 4, 1974

மதிப்பிற்குரிய ஹென்ஷா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத உங்களுக்கு எழுதித் தொல்லை தருகிறேன், மன்னியுங்கள். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது.

போன வாரம் என் அண்ணன் ரால்ஃப் உங்களிடம் ஒரு பெட்டி நிறைய, பியானோவில் வாசிக்க அச்சிட்ட பழைய பாட்டுத்தாள்களை விற்றான். அவை காலமான எங்கள் அம்மாவுடையவை. நான் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்புவதற்குள் பெட்டி போய்விட்டது. கேட்டால், "நம்ம வீட்ல காலேஜ் முடிச்ச ஒரே ஆளு நீ. பழைய காகிதத்துக்குப் போய் மூக்கைச் சிந்துறியே!" என்கிறான்.

அதில் குடைக்கார மில்லியின் பாட்டு இருக்கிறதா? அந்தக் காலத்துச் செய்தித்தாள் சித்திரக்கதையில் குடையோடு காற்றில் பறப்பாளே, அவள்தான். அட்டையிலும் பறப்பாள். உள்ளே பென்சில் எழுத்து இருக்கும்.

பணிவுடன்,
ஐடா நோவாக்

ஸ்பிரிங்ஃபீல்ட்
மார்ச் 7

அன்புள்ள செல்வி நோவாக்,

மில்லி பத்திரமாக இருக்கிறாள். பியானோ பெஞ்சின் மூடிக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் அடங்கட்டும் என்று எல்லோரும் தாளின் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். உங்கள் அம்மா வெட்டவில்லை, புண்ணியவதி! ஆனால் 'மில்லி' வருகிற இடமெல்லாம் அடித்துவிட்டு 'ஐடா' என்று எழுதியது நீங்கள்தானே, குறும்புக்காரி?

முதல் பக்கத்தை ரப்பர் போட்டுச் சுத்தமாக்கிவிட்டேன். இரண்டாம் பக்கம் பாக்கி. 16ஆம் தேதி சனிக்கிழமை மதியம் பழைய பாட்டுத்தாள் சேகரிப்பாளர்கள் என் வீட்டில் கூடுகிறோம். இதை வெகுகாலமாகத் தேடும் நண்பர் ஒருவர், "கிறுக்கல் இருந்தா தொடவே மாட்டேன்பா" என்கிறார். சுத்தமாகத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
கார்வர் ஹென்ஷா

டேட்டன்
மார்ச் 11

ஹென்ஷா அவர்களுக்கு,

எழுதியது நான் அல்ல, அம்மா.

சிறு வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் பியானோவுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். "வெளிய வாடி, உன் பாட்டு வருது பாரு" என்று அம்மா மில்லியை நீக்கிவிட்டு என் பெயரை வைத்துப் பாடுவாள். ஒருநாள்கூட நான் வெளியே வந்ததில்லை.

முதல் பக்கம் போய்விட்டது என்று படித்ததும் உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வாக்கை மீறச் சொல்லவில்லை. தாளையும் திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கத்தை மட்டும் தொடாமல் வையுங்கள். சனிக்கிழமை காலையில் நானே வருகிறேன். எழுதியிருக்கிறபடியே ஒருமுறை பாடிக் காட்டுங்கள். பிறகு ரப்பரை என்னிடம் கொடுங்கள்.

ஐடா