நிறம் விழாத படங்கள்

கொழும்பு,
14-2-1938

அன்புள்ள கந்தம்மாளுக்கு மருதாசலம் எழுதுவது.

நான் நல்ல சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

எனக்கு இப்போது ஊரெல்லாம் கால்நடையாகச் சுற்றுகிற வேலை. ஜவுளிக்கடை முதலாளி ஒரு காமிராவைக் கொடுத்து, இங்குள்ள பெண்களின் சேலைக் கரைகளைப் படம் பிடித்து வா, குமாரபாளையத்துத் தறியில் அதே மாதிரி போடலாம் என்றார். துறைமுகம், மீன்சந்தை, கடற்கரை என்று மூன்று நாள் சுற்றினேன். ஓர் அம்மாளின் சேலைக் கரை முழுதாகப் படத்தில் விழட்டும் என்று பின்னால் நகர்ந்ததில் படகுத்துறையில் தண்ணீருக்குள் விழுந்தேன். முழங்கால் ஆழம்தான், பயப்படாதே.

படங்கள் கழுவி வந்ததும் முதலாளி கேட்டார்: "ஏனப்பா, இதுல எது செவப்பு, எது பச்சை?"

எல்லாம் கறுப்பும் சாம்பலும். பத்து வயதில் தறிக்குழியில் இறங்கியவனுக்கு இது முன்பே தோன்றவில்லை பார். "தெரியலைங்க" என்றேன். சிரித்துவிட்டார்.

மறுபடியும் நடக்க வேண்டும். சேலைகளோடு ஒத்துப் பார்க்க, சாய நூல் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் அனுப்பு.

அறைக்கு வந்து நம் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். உன் சேலை நான் நெய்தது. ஆனால் அதன் கரை அரக்கா, பச்சையா, எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அதிலிருந்து உட்காரவே முடியவில்லை. கடை மூடிய நாளிலும் கடலோரமாக நடக்கிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். உன் கல்யாணச் சேலைக் கரையிலும் ஒரு நூல் உருவி, மற்ற நூல்களோடு கலந்து வை. எது உன்னுடையது என்று எழுதாதே. பார்த்ததும் எனக்கே தெரிய வேண்டும்.

மருதாசலம்