கை நனைக்காத புதன்கிழமைகள்

இன்று காலை தையல் பெட்டியில் கொக்கி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பாலக்கரைப் பெண்களின் ரவிக்கைக்கெல்லாம் கொக்கி வைத்தே எனக்குக் கண் போய்விட்டது என்று நீ சொல்வாயே, அந்தக் கண்ணோடுதான். டப்பாவுக்குப் பதில் இரண்டு மூங்கில் குச்சிகள் கையில் வந்தன. ஒன்றின் முனையில் பல் தடம். சந்தேகமே இல்லை, உன்னுடையதுதான். நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு போன ஆத்திரத்தில் குச்சியைக் கடித்தவள் திருச்சியிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். கொக்கியை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எதிர் வீட்டுக்காரிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மொத்த வியாபாரம் செய்தவள் நீ. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையையும் நடத்தி, மகள் மலரையும் படிக்க வைத்து ஆளாக்கினாய். அந்த மலர் ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செந்திலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னாள். "நீ சரின்னு சொன்னாத்தாம்மா கல்யாணம். சொல்லலைன்னா இப்படியே இருந்துக்கிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னாள். ஓடிப்போகிறேன் என்று மிரட்டியிருந்தால் உனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பையன் உப்பிலியபுரத்து விவசாயக் குடும்பம். சிங்கப்பூர் ஓட்டலில் எட்டு வருஷம் சமைத்துவிட்டு ஊர் திரும்பியவன். நாலு பேரை விட்டு விசாரித்தும் ஒரு குறையும் அகப்படாமல் நீ தவித்த தவிப்பு எனக்குத் தெரியும். கடைசியில் அவன் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாய். 'ஏசியன் ஃபியூஷன், சுத்த சைவம்' என்று எழுதியிருந்தது.

"அப்படின்னா என்னடி?"

"சீனா, ஜப்பான், தாய்லாந்து சாப்பாட்டையெல்லாம் நம்ம சாப்பாட்டோட கலந்து குடுக்கிறதாம்."

"எந்த ஊர்ச் சாப்பாடும் உருப்படியா ஆக்கத் தெரியாதுன்னு சொல்லு."

நேரில் போய் ருசி பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அங்கேதான் சிக்கல். சம்பந்தம் பேசும்போது, பேச்சு முடிகிறவரைக்கும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபித்தண்ணி குடிக்கலாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். உங்கள் வீட்டில் இது சட்டம் மாதிரி. உன் சித்தப்பா ஒருவர் பசி தாங்காமல் ஒரு வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, அந்த இட்லிக்காகவே மகளைக் கொடுத்த கதையை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! இது கடைதானே, வீடில்லையே என்று நான் கேட்டதற்கு, "அவன் அடுப்பு, அவன் சமையல். எங்க வச்சுச் சாப்பிட்டா என்ன?" என்றாய்.

மூன்று நாள் யோசித்து நீயே வழியும் கண்டுபிடித்தாய்.

"அங்க குச்சியில சாப்பிடுவாங்களாமே. குச்சியில சாப்பிட்டா கை எங்கடி நனையுது?"

"அதுக்கு ஸ்பூன்லயே சாப்பிடலாமே. சுலபமா இருக்கும்."

"ஸ்பூன்ல பாயசம் சாப்பிடுறோம். அது நம்ம வழக்கத்துல வந்துடுச்சு. குச்சியைப் பத்தி நம்ம பெரியவங்க யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கலையே."

எந்த வக்கீலும் உன்னிடம் ஜெயிக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மார்க்கெட் மந்தமாக இருக்கும் புதன்கிழமையாகப் பார்த்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினோம். அவனுக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று என் பழைய மூக்குக் கண்ணாடியை வேறு வாங்கி மாட்டிக்கொண்டாய். அதில் உனக்குப் படியே தெரியவில்லை. "நம்ம யாருன்னு மூச்சு விடக் கூடாது" என்று பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் என்னை எச்சரித்தாய்.

எட்டே மேசைகள். சிவப்புக் காகித விளக்குகள். கல்லாவில் கையை ஆட்டும் பூனை பொம்மையும், அதற்கு மேலே மாலை போட்ட ரங்கநாதர் படமும். முதலில் எலுமிச்சைப்புல் சூப் வந்தது. அதைக் குச்சியால் எப்படிச் சாப்பிடுவாய் என்று ஆவலோடு பார்த்தேன். கிண்ணத்தை அண்ணாந்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "இது காபித்தண்ணியோட சேர்த்தி" என்றாய்.

நூடுல்ஸ் அப்படி மசியவில்லை. கால் மணி நேரம் நீயும் அதுவும் மல்லுக்கட்டியதில் ஒரு ப்ரோக்கோலித் துண்டு எகிறிப் போய் அடுத்த மேசை ஸ்ரீரங்கத்து மாமியின் தட்டில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மாமி அந்தத் துண்டையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏண்டிம்மா, அந்தக் குச்சி வாயில பட்டுதோ? எச்சிலோ?"

"இல்லீங்க மாமி. இன்னும் ஒரு தடவைகூட வாய் வரைக்கும் வந்ததே இல்லீங்க."

"அப்போ தோஷமில்லை" என்று மாமி அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

கொஞ்ச நேரத்தில் செந்திலே வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். மாவில் தோய்த்துப் பொரித்த வெண்டைக்காயைக் குச்சியால் குத்தித் தூக்கிக் காட்டினாய். "இது நேத்து லோடு இல்ல, முந்தாநாள் லோடு. முத்தல்" என்றாய். மூக்குக் கண்ணாடி போட்டு மறைத்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அடுத்த புதன் வெண்டைக்காய் பிஞ்சாக வந்தது. அன்று மோமோ என்கிற கொழுக்கட்டைக்கு மாவு தடிமன் என்றாய். அதற்கடுத்த புதன் மாவு மெலிந்திருந்தது, நீ தேங்காய்ப் பாலுக்குத் தாவினாய். திரும்பி வரும்போது மட்டும் பஸ்ஸில் என் காதோடு, "நல்லாத்தான் ஆக்குறான். அவன்கிட்ட சொல்லித் தொலைச்சிடாதே" என்பாய்.

இப்படியே பத்து மாதம். குச்சியால் ஒற்றை வேர்க்கடலையை எடுத்து வாயில் போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாய். சம்மதம் மட்டும் வரவில்லை. மலருக்குப் பொறுமை போய்விட்டது. "கலெக்டர் பரீட்சைகூட இந்நேரம் முடிஞ்சிருக்கும்மா" என்று ஒரு நாள் அழுதேவிட்டாள். அன்று பஸ்ஸில் நான் உன்னை விடவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது, பையனிடம் உனக்கு என்னதான் குறை என்று பிடித்துக்கொண்டேன். ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாய்.

"ஒரு குறையும் இல்லடி. சரின்னு சொல்லிட்டா இவ போயிடுவா. வீட்டுக்குள்ள நொழைஞ்சா யாரு இருக்கா எனக்கு?"

"ஸ்ரீரங்கம் அரை மணி நேரம்டி. அவ என்ன அமெரிக்காவுக்கா போறா?"

"போறது போறதுதானே."

நானும் எதிர் வீட்டில்தானே இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இப்போது வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்றாவது புதன் என்று நினைக்கிறேன். உன் கையிலிருந்து குச்சி நழுவியது. எடுத்தாய், மறுபடி நழுவியது. நாலைந்து நாளாக வலது கை விரல்கள் மரத்துப்போவதை நீ எங்கள் யாரிடமும் சொல்லவே இல்லை. மேசைக்கு அடியில் விரல்களைத் தேய்த்துக்கொண்டு, "இன்னிக்குப் பசியில்ல" என்றாய். நான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று எழுந்தேன். அதற்குள் செந்தில் ஒரு தட்டோடு வந்துவிட்டான். அவனும் வேலையாட்களும் சாப்பிட வைத்திருந்த சுடுசோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும்.

"காலி வயித்தோட போகாதீங்கம்மா. கையால ரெண்டு வாய் சாப்பிடுங்க, ஆட்டோ சொல்லிட்டேன், நானும் வரேன். கை நனைக்கக் கூடாதுன்னுதானே குச்சி? எனக்கு மொத நாளே தெரியும். உங்க பக்கத்துக் கடையிலதான் நான் காய் வாங்குறேன், உங்க குரல் தெரியாதா? இன்னிக்குச் சாப்பிடறதை நான் சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன். மலர்கிட்டகூட சொல்ல மாட்டேன்."

நீ தட்டை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். அப்புறம் அந்த மரத்த கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தாய். பிசைய வரவில்லை, இருந்தும் பிசைந்தாய். ஒரு கவளம் சாப்பிட்டாய்.

"சம்மதம்னுதான் எடுத்துக்கணும் மாப்பிள்ளை. சும்மா சாப்பிட்டுட்டுப் போற குடும்பம் இல்ல நாங்க. குழம்புல உப்பு கம்மி."

நான் ஓவென்று அழுதேன். "எதுக்குடி அழுவுற? மொளகாயைக் கடிச்சிட்டியா?" என்று அதட்டினாய். செந்தில் உப்பு எடுத்துவர ஓடினான். ஓடியவன் சமையற்கட்டிலேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வைத்தியத்தில் கை ஓரளவு சரியாயிற்று. தை மாதம் கல்யாணமும் நடந்தது. மலர் அந்தப் பக்கம் போனதும் புதனோடு ஞாயிறையும் சேர்த்துக்கொண்டாய். ஆவணியில் ஒரு மத்தியானம் கடையிலிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. எதிர் வீட்டில் இருந்தவளை ஒரு வார்த்தை கூப்பிடாமல் போனதில் எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

நான் இப்போதும் புதன்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுகிறேன். நீ போனபின் முதல் தடவை போனபோது, சாப்பிட்டு முடித்ததும் செந்தில் வழக்கம்போல வந்து நின்றான். "எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்று மனசாரச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. உள்ளே போய்விட்டான். மலர்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏதாவது குறை சொல்லிட்டுப் போங்க சித்தி. அம்மாவுக்கப்புறம் யாருமே சொல்றதில்ல" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. எனக்கு ஏது உன் நாக்கு? நேற்றைய காயையும் இன்றைய காயையும் அருகருகே வைத்தாலும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் நான். புதன் காலையிலிருந்தே என்ன குறை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு போகிறேன். போன வாரம் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "இஞ்சி தூக்கலா இருக்கு. இப்படித்தான் ஊருக்குப் போடுவியா?" என்று நாலு மேசைக்குக் கேட்க அதட்டினேன். "மாத்திடறேன் சித்தி" என்று அவன் வாயெல்லாம் பல்லாக உள்ளே ஓடினான். மலரும் சிரித்தாள்.

சூப் அமிர்தமாக இருந்தது. உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.