ஊருக்குள்ளேயே ஊருக்குப் போன கதை

ரோம்,
ஆகஸ்ட் 19.

அன்பு மகள் லவீனியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் பசி, தூக்கம், சண்டை எதிலும் குறைவில்லாமல் இருக்கிறோம். ஒசாகாவில் நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி, சண்டை மட்டும் எங்களைவிடக் கொஞ்சம் குறைவாக, இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு அம்மா காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். காது மட்டும் அந்த மனுஷனுக்குப் பழுதில்லை. கண் என்று நான் வாயைத் திறந்ததும் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி என்னை விரட்டிவிடுவார். இப்போது கீழே குழாயடி பெஞ்சில் உட்காரப் போயிருக்கிறார், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் முடிக்க வேண்டும். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பது ஒரே கேள்விதான், செப்டம்பர் ஒன்பதாம் தேதி அப்பா கண்புரை ஆபரேஷனுக்குப் போவாரா மாட்டாரா. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் நான் உன் அம்மா இல்லையே, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

ஜூலையில் கார் அடிபட்ட விஷயம் உனக்குச் சொன்னேன். எப்படி அடிபட்டது என்பதைச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் பஸ்ஸை ஓட்டி ஒரு பூனை வாலைக்கூட நசுக்காத மனுஷன், பட்டப்பகலில் பின்னால் எடுத்து ஒரு கல்தூணில் இடித்தார். இறங்கிப் பார்த்துவிட்டு, நேற்று இந்தத் தூண் இங்கே இல்லை என்றார். அந்தத் தூண் இரண்டாயிரம் வருஷமாக அதே இடத்தில் நிற்கிறது. காரைச் சரிசெய்ததில் தெர்ராச்சினாவில் கடலோர அறைக்கு வைத்திருந்த பணம் போயிற்று. அது போனால் போகட்டும், ஆனால் நான் ஜூன் மாதத்திலிருந்தே எங்கள் கட்டிடத்தின் ஐந்து மாடிக்கும், ஜன்னலைத் திறந்தால் கடல், கதவைத் திறந்தால் கடல் என்று சொல்லி வைத்திருந்தேனே. மூன்றாம் மாடி இர்மா இருக்கிறாளே, அவளிடம் அந்த அறையின் திரைச்சீலை என்ன நிறம் என்பது வரைக்கும் சொல்லியிருந்தேன். ஊரே கடலுக்கும் மலைக்கும் கிளம்பிவிடும் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு ரோமில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை நம் தெரு எப்படிப் பார்க்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பத்தாம் தேதி நடுப்பகல், எல்லோரும் பார்க்கும்படியாக, பெட்டி, குடை, மடக்கு நாற்காலி, என் பெரிய தொப்பி சகிதம் படியிறங்கினோம். இர்மா ஜன்னலில் நின்று கையசைத்தாள், நானும் ராணி மாதிரி அசைத்தேன். அவளும் மறுநாள் மலையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் பஸ் ஏறி நாலு நிறுத்தம் போய், ஒரு பூங்காவில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டியதும் திருடர்கள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தோம். ஜன்னல் பலகையை இறக்கியபடியே வைத்தோம், விளக்குப் போடவில்லை, கழிப்பறைத் தண்ணீரைக்கூட பக்கத்து வீட்டில் டிவி சத்தம் வரும் நேரம் பார்த்து இழுத்தோம். அன்று படியில் உன் அப்பா தடுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். இருட்டில் யார்தான் தடுக்காமல் ஏறுவார்கள் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் மூச்சுக் காட்டாமல் இருந்து பார்த்தேன், எனக்கு வாய் வலித்தது. உன் அப்பாவிடம் ஒரு குட்டிப் புத்தகம் இருந்தது, ரயில் நிலையத்தில் முதுகில் மூட்டையோடு ஊர் சுற்ற வரும் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பது, ஒரு காசும் செலவழிக்காமல் ரோமைப் பார்ப்பது எப்படி என்று. இலவசமாகக் கிடைத்தால் தலைவலியைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள் ஆயிற்றே. அதைப் பார்த்து விடியும் முன்னே கிளம்புவது, இருட்டியபின் திரும்புவது என்று முடிவு செய்தோம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இந்த ஊரிலேயே பிறந்தவள். சொந்த ஊரில் தொப்பி போட்டுக்கொண்டு, ரொட்டியும் தக்காளியும் பையில் கட்டிக்கொண்டு, பரதேசி மாதிரி அலைந்தேன் என்றால் நம்புவாயா.

ஆனால் லவீனியா, என்ன சுகம் தெரியுமா. காலை ஐந்தரை மணிக்கு ஆள் இல்லாத ரோமை நீ பார்த்திருக்க மாட்டாய், நீ அந்த நேரத்தில் எழுந்ததே இல்லை. கடையெல்லாம் சாத்தி, எல்லோரும் கடலுக்கும் மலைக்கும் போய்விட்டபின், பெரிய சதுக்கத்து நீரூற்று யாருக்காகவும் இல்லாமல் தானாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் ஐந்தாறு தெரு தாண்டியும் கேட்கிறது, பஸ் ஓடும் நாட்களில் அது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. சுவரெல்லாம் பழுத்த பீச் பழ நிறத்துக்கு வரும்வரை நாங்கள் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். தெருக்குழாயில் விரலால் அடைத்துத் தண்ணீரை மேலே பீய்ச்சிக் குடித்தோம், பல் கூசுகிற குளிர்ச்சி. மதியம் பைன் மர நிழலில் புல்லில் படுத்துத் தூங்கினோம், நான் முப்பத்தைந்து வருஷம் பின்னால் போய், யாரோ பையனோடு வீட்டுக்குத் தெரியாமல் வந்தவள் மாதிரி கண் விழித்தேன், பக்கத்தில் பார்த்தால் அதே பையன், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கடலுக்குப் போன நிறம் வர வேண்டுமே என்று வெயிலில் படுத்ததில் எனக்கு இடது பக்கம் மட்டும் சிவந்துபோயிற்று. குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து கொஞ்சம் மணலைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்து எங்கள் படியில் தூவினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். உன் அம்மா வேலையை அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

பதினான்காம் தேதி ஜனீக்கொலோ மேட்டில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும் பீரங்கியைப் பார்க்கப் போனோம், அதுவும் சும்மாதான். கூட்டத்தில் ஒருத்தி கறுப்புக் கண்ணாடியும் தலையில் துணியுமாக நின்றாள். இர்மா. அண்ணன் வீட்டு மலையிலிருந்து நேராக இந்த மேட்டுக்கு வந்திருக்கிறாள் போல. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி வானத்தில் இல்லாத பறவையைப் பார்த்தோம். உன் அப்பா அவளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, யாரோ வெளியூர் அம்மா, நிழலில் இடம் கொடு என்று என்னிடம் சொன்னார். என்ன நடிப்பு என்று நான் மெச்சினேன். மறுநாள் திருநாள், அவென்தீனோ மேட்டில் ஒரு பூட்டிய கதவின் சாவித்துவாரம் வழியாகத் தூரத்துப் பேராலயத்தின் பெரிய கோபுரத்தைப் பார்க்க வரிசையில் நின்றோம். அவர் ரொம்ப நேரம் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, அழகு, ஆனால் மூட்டமாக இருக்கிறது என்றார். நான் பார்த்தபோது கோபுரத்தில் உட்கார்ந்திருந்த காக்கையை எண்ணலாம் போலிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆனந்தமாக இருக்கும்போது நான் கொஞ்சம் மந்தம்.

பதினேழாம் தேதி வெயில் தாங்காமல் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்துக்குள் போனோம். எந்தத் தேவாலயம் என்று எழுதவில்லை, கூட்டம் வந்துவிடும். ஓரத்துச் சிறு பீடத்தின்மேல் ஒரு பெரிய படம் இருட்டில் இருக்கிறது. பெட்டியில் நாணயம் போட்டால் இரண்டு நிமிஷம் விளக்கு எரியும், அப்புறம் டக்கென்று அணைந்துவிடும். குட்டிப் புத்தகம் சொல்வது, காசு போடாதே, உட்கார், வேறு யாராவது போடுவார்கள் என்று. உட்கார்ந்தோம். உள்ளே மெழுகு வாசனை, கல்லின் குளுமை, எங்கோ ஒரு துடைப்பம் நடக்கிற சத்தம். காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கறுப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு, பெரிய ரகசியம் ஒன்று திறக்கப்போகிறது போல நான் அரைத் தூக்கத்தில் மிதந்தேன். கடைசியில் வெயிலில் வெந்த, ஐரோப்பாவின் வடக்கிலிருந்து வந்த ஒரு வெளிநாட்டு அம்மா வந்து காசைப் போட்டாள். விளக்கு எரிந்தது. ஒரு மீன்காரி, லவீனியா, ஒரு புனிதரின் அங்கியைப் பிடித்து இழுக்கிறாள், இடுப்பில் கூடை, கூடையில் மீன்கள், ஒவ்வொரு மீனின் கண்ணிலும் ஒரு சொட்டு வெளிச்சம். எனக்குப் பேச்சு வரவில்லை, எனக்கு. அந்த நேரத்தில் உன் அப்பா என் காதருகே முணுமுணுத்தார்.

"என்ன கஞ்சப் பசங்கடி, ஒருத்தனும் காசு போட மாட்டேங்கிறான்."

விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அது அணைந்து, அந்த அம்மாவும் போனபின், நான் எழுந்துபோய் என் பணத்தில் ஒரு நாணயம் போட்டேன். பொட்டென்று எரிந்தது. அவர் கையைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பி வரைக்கும் இழுத்துவந்து நிறுத்தினேன். உன் அம்மாவின் குணம் உனக்குத் தெரியும், அழ வேண்டிய நேரத்திலும் குறும்புதான் முதலில் வரும்.

"அந்த நாயைப் பாத்தியாய்யா, எவ்வளவு தத்ரூபமா இருக்கு."

"ஆமாமா. நல்ல ஜாதி நாய். நம்ம தாத்தா வீட்ல ஒண்ணு இருந்துச்சே, அதே மாதிரி."

"நாயே இல்லய்யா."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், நானாக இருந்தால் என்னைத் திட்டியிருப்பேன். விளக்கு டக்கென்று அணைந்தது. அந்த இருட்டில்தான் சொன்னார்.

"பயமா இருக்குடி ஒர்தென்சியா. முழிச்சிருக்கும்போதே கண்ணுல கத்தி வைப்பாங்களாம். நான் அசைஞ்சிட்டா?"

இவ்வளவுதான் விஷயம். டாக்டர்கள் கொள்ளைக்காரர்கள், எனக்குக் கழுகுக் கண் என்று இத்தனை நாள் கத்தியதெல்லாம் இதற்காகத்தான். இர்மாவை அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. கோபுரமும் தெரியவில்லை. ஒரு வாரமாக நான் காட்டிய ரோமை அவர் காதாலும், காலாலும், என் வாயாலும் பார்த்திருக்கிறார். அதற்கும், நன்றாயிருந்ததடி, நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தது மாதிரிதான் இருந்தது என்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், முன்வாசல் வழியாகவே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இருட்டில் இனி அந்தப் படியில் அவரை ஏற்றுவதாக இல்லை. கடல் தண்ணீர் ரொம்பக் குளிர், சீக்கிரம் திரும்பிவிட்டோம் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஜன்னல் பலகையையெல்லாம் மேலே தூக்கிவிட்டேன். வழியெல்லாம் அந்தப் படத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். மீன்காரியின் கை எப்படி, கூடையில் எத்தனை மீன், புனிதரின் முகத்தில் எரிச்சலா இரக்கமா என்று.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன், அவர் பக்கத்தில் நின்றார், அடுப்பில் எதுவும் கருகவில்லை. ஒன்பதாம் தேதி எட்டு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனை வைத்தார். கண்ணில் வேலை நடக்கும் இருபது நிமிஷமும் நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம், என் குரல் கேட்டால் அசையமாட்டாராம். முப்பத்துநாலு வருஷமாக வாயை மூடு என்று சொன்ன மனுஷன். நர்ஸிடம் கேட்டேன், குடும்பத்தாரை உள்ளே விடமாட்டோம், கதவுக்கு வெளியே உட்காரலாம் என்றாள். அதை அவரிடம் சொன்னேன். பரவாயில்லை, கதவு உன்னை என்ன செய்துவிடும் என்றார்.

கண்ணே, நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம், இரண்டாம் கண்ணுக்கு டிசம்பரில் வா, அப்போது உன்னை அவர் ஒழுங்காகப் பார்ப்பார். போனில் அவரிடம் நாய் என்ற சொல்லை எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதட்டாதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல காலையும் கொடுக்கட்டும். முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. இந்த ஆகஸ்டில் ஊரே காலி, என்னிடம் வம்பு தீர்ந்துபோயிற்று, ஐந்து நிமிஷத்துக்குமேல் தாங்காது. உன் தெருவில், உன் ஆபீசில், யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டில் என்ன உடைந்தது, எல்லாவற்றையும் எட்டாம் தேதிக்குள் எழுதி அனுப்பு. பதினைந்து நிமிஷத்துக்கு வர வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் குரல் குறையாத அம்மா,
ஒர்தென்சியா