அண்ணன் அனுப்பிய வீடியோ

என் பிரியமுள்ள நங்கைக்கு,

அண்ணனைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களை நங்கை என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். அண்ணி என்று எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருக்கிறது. நீங்கள் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. சொல்லச் சேதி நிறைய இருக்கிறது. அதில் பெரியது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியது.

பயப்பட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறார். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். இரவுக்கு அவரே தோசை வார்த்துக்கொள்கிறார். முதல் தோசை இன்னும் கல்லை விட்டு வருவதில்லை. "உன் நங்கை கல்லைப் பழக்கி வெச்சிருந்தா அம்மணி, எனக்கு அது படியறதில்ல" என்கிறார்.

நீங்கள் இருந்தவரை, படித்தது கேட்டது எல்லாவற்றையும் உங்களிடம் சொல்வார். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே "அப்படியுங்களா" என்பீர்கள். முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். இப்போது அந்த முக்கால்வாசியும் எங்கள் போனுக்கு வருகிறது. விடிந்தால் ரோஜாப்பூ, அப்புறம் தத்துவம், அப்புறம் சர்க்கரை நோய்க்கு ஏதோ ஒரு இலை.

பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ரோஜாப்பூவில் குறையொன்றும் தெரியவில்லை. 'எழுந்துவிட்டேன், இருக்கிறேன்' என்பதுதானே அதற்கு அர்த்தம்? தனியாக இருக்கும் மனிதர் அதை நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் மருந்து, வதந்தி, இன்னொருவரின் மானம் என்று வந்துவிட்டால் கதை வேறு. அங்கே வயசுக்கும் தனிமைக்கும் சலுகை கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெங்களூரிலிருந்து உங்கள் பேத்தி ஒரு வேலை செய்தாள். உங்கள் பழைய போட்டோவை எதிலோ போட்டு, நீங்கள் தலையைத் திருப்பிச் சிரிப்பதுபோல் செய்து அனுப்பியிருந்தாள். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது உன் அப்பத்தா இல்ல. போட்டோக்காரன் சிரிங்கன்னு சொன்னா அவ சிரிக்கவே மாட்டா" என்றார். அவளும் கோபிக்காமல் அழித்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உயிரோடு இருப்பவரிடமாவது சம்மதம் கேட்கலாம். உங்களிடம் யார் கேட்பது?

இவ்வளவு விவரம் தெரிந்தவர்தான் அந்த வீடியோவையும் அனுப்பினார் என்பதை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் வந்து வாசல் கேட்டில் கேமரா மாட்டிவிட்டுப் போனான். ஒரு மத்தியானம், இடுப்பில் சின்னப் பெண் குழந்தையோடு ஓர் ஆள் உங்கள் கேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அண்ணன் அதைப் போனில் பார்த்துப் பதறிவிட்டார். உடனே வீதி குரூப்பில் வீடியோவைப் போட்டு, கூடவே குரலும் அனுப்பினார்: "ஏனுங்க, எல்லாரும் உசாரா இருங்க. புள்ளை புடிக்கறவனாட்டத் தெரியுதுங்க."

புடிக்கறவனாட்ட. நம் ஊர்ப் பேச்சில் 'ஆட்ட' என்றால் 'மாதிரி' என்றுதான் பொருள். அவருக்கு வந்தது ஒரு சந்தேகம்தான். சாயங்காலம் அந்தியூரிலிருந்து நம் பெரியப்பா மகள் எனக்கு அதே வீடியோவை அனுப்பினாள். மேலே 'போத்தனூரில் பிள்ளை பிடிக்கும் கும்பல்' என்று நம் ஊர்ப் பேரோடு எழுதியிருந்தது. அந்த 'ஆட்ட' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஓர் ஆள் கும்பலாகிவிட்டார்.

அந்தக் குரூப்பை ஆரம்பித்தவர் நீங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் என்னை அட்மின் ஆக்கினீர்கள். "எனக்கெதுக்குங்க நங்கை இந்தப் பதவி" என்றேன். "பதவியில்ல அம்மணி, வாசக் கூட்டற வேலை" என்றீர்கள். நான் விளக்குமாற்றைக் கையில் எடுப்பதற்குள் மளிகைக்கடை செல்வி போன் செய்தாள்.

"அக்கா, உங்கண்ணன் அனுப்புன வீடியோல இருந்த ஆளை இங்க புடிச்சு வெச்சிருக்காங்க. அடிச்சுப்போடுவாங்களாட்ட இருக்குது. சீக்கிரம் வாங்க."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். "வண்டில ஏறுங்கண்ணா" என்றேன்.

"நான் எதுக்கு அம்மணி? போலீசுக்குச் சொல்லிறலாமே."

"செல்வி சொல்லிப்போட்டாளாம். அவங்க வாரதுக்குள்ள அவனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? அனுப்புனது நீங்க. ஏறுங்க."

ஏறினார்.

கடை முன்னால் நல்ல கூட்டம். அந்த ஆளின் சட்டை தோளோடு கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஒருவர் அதைப் பிடித்து இழுக்கப் பார்க்க, அது அந்த ஆளின் கழுத்தை விடவே இல்லை. எல்லாரும் நமக்குத் தெரிந்த முகங்கள், நங்கை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்குகிறவர்கள். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கையில் போன் இருந்தால் ஒரு மனிதருக்கு எதிரே நிற்பவர் தெரியாமல் போய்விடுமா?

"புடிச்சுட்டு வந்த புள்ளை இப்படிக் கழுத்தைக் கட்டிக்குமாங்க? விடுங்க மொதல்ல!" என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்தேன். ரயில்வே டிக்கெட் கவுன்டரில் இத்தனை வருசம் உட்கார்ந்து கற்ற இந்தி அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. என்ன விசயம் என்று கேட்டேன். கூட்டத்துக்குத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

ஒடிசாக்காரர். பக்கத்து ஃபவுண்டரியில் வேலை. மனைவி மாசமாக இருக்கிறாள். குடியிருக்கும் அறையை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வாடகைக்கு வீடு தேடி வந்திருக்கிறார். போர்டெல்லாம் தமிழில் இருப்பதால் படிக்கத் தெரியாமல், ஆளில்லாத வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட் கேட்டாக எட்டிப் பார்த்திருக்கிறார். குழந்தை அவருடையது. போனைத் திறந்து, மனைவியோடும் குழந்தையோடும் எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அப்போதும் ஒருவர் விடவில்லை. "உங்கண்ணன்தானுங்க புள்ளை புடிக்கறவன்னு அனுப்புனாரு" என்றார்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் ஓரமாக, என் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்காக நான் பேசியிருக்கலாம். பேசக் கூடாது என்று தோன்றியது.

"நான்தானுங்க அனுப்புனேன்" என்று முன்னால் வந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கேமராவுல பாத்தேன், பயந்துபோட்டேன். அவ்வளவுதான். அவனை... அவரை விட்டுருங்க."

பிடி தளர்ந்தது. ஒவ்வொருவராக நழுவினார்கள். மன்னிப்பு கேட்க யாரும் நிற்கவில்லை. ஒரு பையன் மட்டும் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அழிக்கச் சொன்னேன். "இது நெசமா நடந்ததுதானுங்களே" என்றான். நிஜம்தான். ஆனால் உதடு கிழிந்து நிற்கும் மனிதரின் முகம் அவருக்குச் சொந்தம், உனக்கு இல்லை என்று சொல்லி, அவன் அழிக்கும்வரை நின்றேன்.

பிறகு போலீஸ் வந்தது. ஃபவுண்டரியிலிருந்தும் ஆட்கள் வந்து அவரையும் குழந்தையையும் அழைத்துப் போனார்கள். புகார் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அது பெருந்தன்மையா, பயமா? பயமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் குரூப்பிலிருந்து வீடியோவை அழித்துவிட்டு, "முடிஞ்சுது போ" என்றார்.

"முடியலீங்கண்ணா. அந்தியூர் வரைக்கும் போயிருச்சு. எந்த வாயால சொன்னீங்களோ அதே வாயால தப்புன்னு சொல்லி அனுப்பணும்."

"ஊரே சிரிக்கும் அம்மணி."

"சிரிக்கட்டுங்க. அந்தாளு அடியே வாங்கியிருக்கான்."

கோபித்துக்கொண்டார். சில நாள் சாப்பிடவே வரவில்லை. செல்வி கடையில் ரொட்டி வாங்கிப் போவதாகத் தகவல் வந்தது. ஆனாலும் நான் போய்க் கூப்பிடவில்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன், அண்ணனென்று விட்டுக்கொடுத்துவிடலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. அழித்துவிட்டால் நம் போன் சுத்தமாகும். அடுத்தவன் பேர் சுத்தமாகுமா?

ஒரு காலையில் ரோஜாப்பூவுக்குப் பதில் அவர் குரல் வந்தது. "நான் போட்ட வீடியோ தப்புங்க. அவரு வீடு தேடி வந்த மனுசன். அது அவரு புள்ளை. நான் விசாரிக்காம பேசிப்போட்டேன். யார் யாருக்கு அனுப்புனீங்களோ அவங்களுக்கு இதையும் அனுப்பிப்போடுங்க." அந்தியூருக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். பொய் போன தூரம் இது போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ரெண்டு மூணு பேர் குரூப்பை விட்டே விலகிவிட்டார்கள். போகட்டும். அன்றைக்கு மத்தியானம் என் வீட்டில் மூன்று முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதோடு நிற்கவில்லை உங்கள் வீட்டுக்காரர். என்னிடம்கூடச் சொல்லாமல் ஃபவுண்டரி வாசலில் போய்க் காத்திருந்து அந்த மனிதரைப் பார்த்திருக்கிறார். உங்கள் மாடி வீடு சும்மாதானே கிடக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். தெரிந்த தமிழில் சொன்னாராம்: "நல்லதுங்க ஐயா. ஆனா பாப்பா அந்த வீதி வந்தா அழுவுது." சுந்தராபுரம் பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

இதையெல்லாம் அண்ணனே என்னிடம் சொன்னார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? நல்லது செய்யப் போனாலும் நடந்தது நடந்ததுதான்.

போன வாரம் அவர்களுக்கு மகன் பிறந்திருக்கிறான். அண்ணனுக்குப் படம் வந்தது. என் வீட்டுக்கு எடுத்து வந்து தன் கையாலேயே பிடித்துக் காட்டினார். சுருட்டை முடி, மூடிய கண். "எனக்கும் அனுப்புங்கண்ணா" என்றேன்.

"அவங்களைக் கேக்காம எப்படி அம்மணி அனுப்பறது?" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நங்கை, ஒரு சத்தியம் செய்கிறேன். இனிமேல் சாயங்காலமானால் நானே உங்கள் வீட்டுக்குப் போய், அவர் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கப் போகிறேன். அவர் சொல்லட்டும். நான் "அப்படியுங்களா" என்கிறேன். உங்கள் அளவுக்குப் பொறுமை எனக்குக் கிடையாது. நடுவில் "யார் சொன்னாங்க?" என்றும் கேட்பேன்.

நாத்தனாராகப் பிறந்து,
உங்களுக்குத் தங்கையாகவே இருந்துவிட்ட
மல்லிகா